கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து: மருந்துக் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு கண் மருத்துவமனையின் மருந்தகத்தில் பார்மசிஸ்ட். பதினான்கு வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். டாக்டரிடம் கேட்க மறந்ததையும் கேட்கக் கூச்சப்பட்டதையும், பாட்டிலைக் கையில் வாங்கியதும் என்னிடம்தான் கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். அவசரத்தில் பாதிதான் சொல்ல முடியும். மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். என் அம்மாவுக்கும் கிளாக்கோமா, அதாவது இந்தக் கண் அழுத்த நோய், இருப்பதால் சில கேள்விகள் வீட்டிலிருந்தே வந்தவை. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு இந்தச் சொட்டு மருந்து?

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. இது கண்ணீர் அல்ல, உள்ளே இருக்கும் வேறு நீர். வடியும் வழி மந்தமானால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கிவிடும். முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும் என்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோர்க்கலாம், நோய் இருப்பதே தெரியாது. வாசற்படியில் அடிக்கடி இடித்துக்கொள்ளும்போதுதான் சந்தேகமே வரும். அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழக மாவட்டங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அது தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும் (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு). ஆனால் 18 இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. அதனால் உங்கள் கண்ணுக்கு எது தாங்கும் என்று பார்த்து டாக்டர் ஓர் இலக்கு வைப்பார். சொட்டு மருந்து அந்த நீர் ஊறுவதைக் குறைக்கும், அல்லது வடிவதை எளிதாக்கும்.

மூணு மாசமா விடறேன். பார்வை கொஞ்சம்கூடக் கூடலையே?

கூடாது. போன நரம்பு திரும்பி வராது. இந்த மருந்து இருக்கிற பார்வையைக் காப்பதற்கு மட்டும்தான். கவுன்ட்டரில் இதைச் சொல்லும்போது பலரின் முகம் வாடிவிடும். ஆனாலும் சொல்லாமல் விட்டால் நாலாவது மாதம் பாட்டில் வாங்க வரமாட்டார்கள்.

வேலை செய்கிறதா என்பதை அழுத்த அளவும் பார்வைப் பரப்புச் சோதனையும்தான் காட்டும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அழுத்தம் கூடியிருந்தும் நோய் இன்னும் வராதவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து வருடத்தில், சொட்டு மருந்து விட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. விடாதவர்களில் 9.5 சதவீதம். ஏறக்குறைய பாதி குறைந்திருக்கிறது. ஆனால் விட்ட எவருக்கும் கண்ணில் 'நல்லா இருக்கு' என்ற உணர்வு வந்திருக்காது.

எத்தனை நாளைக்கு விடணும்? பாட்டில் தீர்ந்தா நிறுத்திடலாமா?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற மாதிரிதான் இதுவும். ஒரு சொட்டின் வேலை மருந்தைப் பொறுத்து எட்டு மணி நேரமோ, பன்னிரண்டு மணி நேரமோ, ஒரு நாளோ நிற்கும். அப்புறம் அழுத்தம் பழைய இடத்துக்கே போகும். டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம், பாட்டில் காலியானால் அடுத்ததை வாங்க வேண்டும். நான்கைந்து நாளுக்கான மருந்து மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் மருந்து தீர்ந்துபோய் போன் செய்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

எப்படி விடறதுன்னே தெரியல. பாதி கன்னத்துலதான் வழியுது.

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கை என்றால் இரண்டு தடவை. உட்கார்ந்தோ படுத்தோ தலையைப் பின்னால் சாய்த்து, மேலே விட்டத்தைப் பாருங்கள். ஒரு கை விரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி திறக்கும். சொட்டு அதற்குள் விழ வேண்டும், கருவிழி மேல் அல்ல. பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ படக்கூடாது. பட்டால் கண்ணின் அழுக்கு பாட்டிலுக்குள் போய், அடுத்த நாள் திரும்பக் கண்ணுக்கே வரும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடுங்கள். இறுக்கிச் சிமிட்டினால் மருந்து வெளியே வந்துவிடும்.

கை நடுங்குகிறவர்கள், பாட்டில் பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியிலோ, இமையை இழுக்கும் கையின் மேலோ ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். அப்படியே கண்ணைத் திறந்தால் மருந்து உள்ளே இறங்கிவிடும். என் அம்மா ஆறு மாதம் தினமும் மருந்து விட்டார். அழுத்தம் மட்டும் குறையவில்லை. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொட்டு விழுகிற நொடியில் கண்ணை மூடிக்கொள்கிறார், மருந்து இமை மேல் விழுந்து காதுப்பக்கம் ஓடுகிறது, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு 'விட்டாச்சு' என்கிறார். நானே பார்மசிஸ்ட், ஆறு மாதம் பார்க்கவில்லை. இந்தப் படுத்து விடும் முறைக்கு மாறிய பிறகுதான் அளவு இறங்கியது. உங்கள் வீட்டுப் பெரியவர் எப்படி விடுகிறார் என்று ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரியாக விழுந்ததா என்று தெரியாதவர்கள் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்து விடலாம். குளிர்ந்த சொட்டு கண்ணுக்குள் விழுந்தால் தெரியும்.

ஒரு சொட்டு போதுமா? ரெண்டு விட்டா சீக்கிரம் குறையாதா?

குறையாது. கீழ் இமைப் பைக்குள் ஒரு சொட்டே முழுசாகத் தங்காது, கொஞ்சம் வழியத்தான் செய்யும். இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போகும். பணமும் வீண். ஒரு மில்லியில் 25, 30 சொட்டு வரும் என்று வையுங்கள். இரண்டரை மில்லி பாட்டில், இரண்டு கண்ணுக்கும் தினம் ஒரு சொட்டு என்றால் மாதம் முழுக்க வரும். இரண்டிரண்டாக விட்டால் பாதி மாதம்தான். சொட்டு வெளியே விழுந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

இரவில் ஒரு வேளை விடச் சொல்லும் லட்டானோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பிமாட்டோபிராஸ்ட் வகையை 'நல்லதுதானே' என்று இரண்டு வேளை விட்டால் பலன் குறையவும் வாய்ப்பு உண்டு.

தொண்டையில கசக்குது. மருந்து வயித்துக்குள்ள போயிடுச்சா?

கொஞ்சம் போயிருக்கும். கண்ணின் உள் மூலையில் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, அது மூக்குக்குள் திறக்கும். அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். டார்சோலமைடு, பிரின்சோலமைடு விட்டவர்கள்தான் அதிகமாகக் கசப்பு சொல்வார்கள்.

மருந்து விட்டதும் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலால் மூக்கை ஒட்டிய கண் மூலையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கசப்பு குறையும், மருந்து கண்ணிலேயே தங்கும், ரத்தத்தில் கலப்பதும் குறையும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஏன் என்று வீசிங் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

மூணு பாட்டில் குடுத்திருக்காங்க. எதை முதல்ல விடறது?

வரிசை பெரிய விஷயம் இல்லை, இடைவெளிதான் விஷயம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐந்து நிமிடம். ஜெல், ஆயின்மென்ட் இருந்தால் அது கடைசி. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் பிரின்சோலமைடு பாட்டிலைக் குலுக்கிவிட்டு விட வேண்டும், மருந்து அடியில் படிந்திருக்கும்.

கிளாக்கோமா மருந்துகளின் மூடிக்கு நிற வழக்கம் ஒன்று உண்டு. டிமோலால் மஞ்சள், பிரிமோனிடின் ஊதா என்று பல கம்பெனிகள் போடுகின்றன. எல்லோரும் அப்படிப் போடுவதில்லை, அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துப் படிக்க முடியாதவர்களுக்கு நான் பாட்டிலில் ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுப்பேன்: காலை மருந்துக்கு ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு. தடவினாலே தெரியும். இன்னொன்று, காதுக்கு விடும் சொட்டு மருந்தையும் உடனே ஒட்டும் பசையையும் இந்தப் பாட்டில்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

சீட்டுல 'ஓ.டி.'ன்னு எழுதியிருக்கு. ஒரு வேளையா, வலது கண்ணா?

நல்ல கேள்வி, எங்களுக்கே குழப்பம் தரும் எழுத்து. மாத்திரைச் சீட்டில் ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை. கண் சீட்டில் அதே எழுத்து வலது கண்ணையும் குறிக்கும். பி.டி. என்றால் இரண்டு வேளை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது. சந்தேகம் என்றால் யூகிக்க வேண்டாம். எந்தக் கண், எத்தனை வேளை என்று கேட்டுப் பாட்டில் மேலேயே தமிழில் எழுதி வாங்குங்கள்.

ஒரு வேளை மறந்துட்டேன். அடுத்த வேளை சேர்த்து விடலாமா?

சேர்த்து விடுவதால் பயன் இல்லை, மேலே சொன்ன காரணம்தான். ஞாபகம் வந்ததும் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்த வேளையை அப்படியே விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போங்கள். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு முடிந்து வைத்தால் மறக்காது. பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் பாட்டில் வைப்பது பலருக்கு ஒத்துவருகிறது. டிவி சீரியல் நேரத்தோடு முடிந்து வைத்த ஒரு பாட்டி சீரியல் முடிந்ததும் மருந்தையும் முடித்துக்கொண்டார்.

செக்கப் அன்னைக்கு மருந்து விடாம வரணுமா?

வேண்டாம், வழக்கம்போல விட்டுவிட்டே வாருங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிற பழக்கத்தில் பலர் இப்படி நினைக்கிறார்கள். டாக்டர் பார்க்க நினைப்பது மருந்தோடு அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை. இதன் மறுபக்கமும் உண்டு. மாதம் முழுக்க விடாமல், செக்கப்புக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் விட்டுவிட்டு வருவார்கள். அளவு நன்றாக இருக்கும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். டாக்டர் காரணம் புரியாமல் ஆபரேஷன் வரை யோசிப்பார். விடவில்லை என்றால் விடவில்லை என்று சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பிரிட்ஜ்ல வைக்கணுமா? எங்க வீட்ல பிரிட்ஜ் இல்லை.

எல்லா மருந்துக்கும் தேவையில்லை. லட்டானோபிராஸ்ட் பாட்டில்களில் பெரும்பாலானவற்றைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரிக்குள் சில வாரம் தாங்கும். சித்திரை வெயிலில் நம் ஊர் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே? அதனால் பிரிட்ஜ் இருப்பவர்கள் திறந்த பாட்டிலையும் அதிலேயே வைத்துவிடலாம். கதவுத் தட்டில் போதும், ஐஸ் உறையும் அறையில் வைக்கக்கூடாது. பிரிட்ஜ் இல்லாதவர்கள் கடையில் கேளுங்கள், குளிர் தேவைப்படாத தயாரிப்புகளும் வருகின்றன. எதுவானாலும் ஜன்னலோரம், டிவி மேல், பைக் டிக்கி வேண்டாம்.

இன்னும் பாதி பாட்டில் இருக்கு. ஒரு மாசம் ஆயிடுச்சுன்னு ஏன் தூக்கிப் போடணும்?

அட்டையில் இருக்கும் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வாரம்தான் கணக்கு, லேபிளில் எழுதியிருக்கும். அதற்கு மேல் கிருமி சேரலாம். திறந்த அன்றே பாட்டிலில் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள்.

ஆனால் இந்தக் கேள்வி கேட்பவரிடம் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். மாதக் கடைசியில் பாதி பாட்டில் எப்படி மிஞ்சியது? கணக்குப்படி மிஞ்சக்கூடாதே?

கண்ணு சிவக்குது, கண்ணைச் சுத்திக் கறுக்குது. மருந்து ஒத்துக்கலையா?

இரவில் ஒரு வேளை விடும் வகையில் முதல் சில வாரம் லேசான சிவப்பு வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். இமை முடி நீளும், அடர்த்தியாகும். இமைத் தோல் கறுக்கும். வழிந்த மருந்தை உடனே துடைத்தால் இது குறையும். குளிப்பதற்கோ, முகம் கழுவுவதற்கோ ஐந்து நிமிடம் முன்னால் சொட்டை விடுவதும் ஒரு வழி. ஒரு கண்ணுக்கு மட்டும் விடுகிறவர்களுக்கு இரண்டு கண்ணும் வேறு மாதிரி தெரியும். கல்யாணம் ஆகவேண்டிய ஒரு பெண் இதற்காகவே மருந்தை நிறுத்தியிருந்தாள். டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு வகைக்கு மாற்றியிருப்பார்.

பிரிமோனிடின் வேறு கதை. பல மாதம் நன்றாக ஒத்துக்கொண்டுவிட்டு, திடீரென்று கண் சிவந்து அரிக்க ஆரம்பிக்கும். அது ஒவ்வாமை, மாற்ற வேண்டும். வாய் உலர்வது, தூக்கம் வருவது இதில் சகஜம், வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது ஆபத்து, பாட்டிலைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் எந்தச் சொட்டானாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வீசிங் இருக்கு. கண்ணுல விடற சொட்டுதானே, அதுக்கும் இதுக்கும் என்ன?

இங்கேதான் கவனம் வேண்டும். டிமோலால் பீட்டா பிளாக்கர் வகை, இதயத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கும் இனம். கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்தால் கல்லீரலைத் தொடாமல் நேராகப் போகும். ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சிறைப்பு இருப்பவர்களுக்கு ஒரு சொட்டிலேயே மூச்சு அடைக்கலாம். நாடி மெதுவாக ஓடுபவர்கள், இதயத் துடிப்பைக் கடத்தும் மின்னோட்டம் தடைபடும் 'ஹார்ட் பிளாக்' கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதால் இன்சுலின் போடுகிறவர்களும் சொல்ல வேண்டும்.

தந்திரமான இடம் கூட்டு மருந்துதான். டார்சோலமைடு, பிரிமோனிடின், பிமாட்டோபிராஸ்ட் என்று பெரிய எழுத்தில் இருக்கும் பாட்டிலில் 'மற்றும் டிமோலால்' சின்ன எழுத்தில் இருக்கலாம். இன்ஹேலர் வைத்திருப்பவர் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்ல வேண்டும். கண் டாக்டரிடம் நெஞ்சைப் பற்றி எதற்கு என்று பலர் சொல்வதில்லை. அதே மாதிரி, இதய டாக்டரிடம் மாத்திரைப் பட்டியல் கொடுக்கும்போது இந்தச் சொட்டையும் சேருங்கள். இந்த மருந்து விட ஆரம்பித்தபின் மூச்சிறைப்போ தலைசுற்றலோ வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கண்ணு சிவந்தப்ப மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, உடனே கேட்டுச்சு. அதையே விடலாமா?

உடனே கேட்டது என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். அதில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பை உடனே அடக்கும், வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இது அதிகம் நடக்கும், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் இதனாலேயே கிளாக்கோமா வந்திருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார். அது கணக்கு வைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு. சீட்டில் எழுதிய நாளுக்கு மேல் ஒரு நாள்கூட அதை நீட்டாதீர்கள், பழைய கிளாக்கோமா சொட்டைத் தொடர்வதா என்றும் அப்போதே கேளுங்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் விட்டா அழுத்தம் குறையும்கிறாங்களே?

நந்தியாவட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பாட்டி காலத்துப் பழக்கம், குளிர்ச்சியாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் அழுத்தத்தை அது தொடாது. கொதிக்க வைக்காத எந்தச் சாறும், பாலும், தேனும் கிருமியோடுதான் வரும். கருவிழியில் புண் வந்தால் இருக்கிற நடுப்பார்வையும் போகும்.

காலையில வெறும் வயித்துல ஒரு லிட்டர் தண்ணி குடிப்பேன், சிரசாசனமும் பண்ணுவேன். தப்பா?

தண்ணீர் தப்பில்லை, மடமடவென்று ஒரே மூச்சில் குடிப்பதுதான் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிக்க வைத்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனையே உண்டு. அதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிரசாசனத்தை விட்டுவிடுங்கள். சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அந்த நிலையில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது. நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம்.

ரம்ஜான் நோன்புல பகல்ல விடலாமா?

நோன்பு முறியுமா என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். மருந்துப் பக்கத்தில் சொல்வதானால், இரவு ஒரு வேளை மருந்துக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு வேளை மருந்தை ஸஹர் முடிக்கும் முன்னும் நோன்பு திறந்த பின்னும் விடலாம். மூன்று வேளை எழுதியிருந்தால் ரமலான் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். முப்பது நாள் முழுசாக நிறுத்துவது மட்டும் கூடாது.

திடீர்னு தலைவலி, வாந்தி. கண் மருந்தாலயா?

கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தால் அழுத்தம் ஒரேயடியாக ஏறியிருக்கலாம். பித்தம் என்று படுத்துவிடாதீர்கள். இரவானாலும் கண் மருத்துவமனைக்குப் போங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

லேசர் பண்ணிட்டா சொட்டு மருந்தை விட்டுடலாமா?

சிலருக்கு முடியும். நீர் வடிவதை எளிதாக்கும் எஸ்.எல்.டி. என்ற லேசரை முதல் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2019இல் வந்தது. மூன்று வருடம் கழித்து, லேசர் செய்தவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் சொட்டு மருந்து இல்லாமலே இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். ஆனால் அது ஆரம்ப நிலையில், நீர் வடியும் கோணம் அடைபடாமல் திறந்திருக்கும் 'திறந்த கோண' வகை உள்ளவர்களுக்கு. லேசரின் பலன் வருடங்கள் போனால் தேயலாம். செய்துகொண்டாலும் டாக்டர் சொல்லாமல் பாட்டிலை நிறுத்தாதீர்கள், செக்கப்பும் நிற்காது.

எங்கப்பாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சு. போன கண்ணுக்கும் எதுக்கு மருந்து எழுதறாங்க?

பார்வை போனாலும் அழுத்தம் இருக்கும், ஏறினால் வலிக்கும். அந்த வலியைத் தடுக்கத்தான் சில சமயம் எழுதுவார்கள். வலி இல்லை என்றால் தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள், சிலருக்கு நிறுத்தியும் விடுவார்கள். எந்தப் பாட்டில் எந்தக் கண்ணுக்கு என்பதில் மட்டும் குழம்பிவிடக்கூடாது, நல்ல கண்ணின் மருந்து ஒரு வேளையும் தவறக்கூடாது.

இதைக் கேட்டவர் மகன். உங்கள் வயது என்ன என்று கேட்டேன். நாற்பத்து மூன்று என்றார். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இது இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், கண் அழுத்தம் பார்த்திருக்கிறீர்களா என்றேன். 'எனக்கு நல்லாத்தாங்க தெரியுது' என்றார். முதல் கேள்விக்கான பதிலை அவருக்கும் ஒரு தடவை சொன்னேன். அப்பாவின் மருந்துப் பையை என் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு, தனக்கு ஓ.பி. சீட்டு போடப் போனார்.